அர்மெல் கொடுத்த நான்கு சீட்டுகள்

அர்மெல் கினியூவைப் பற்றி நல்லதாக நான்கு வார்த்தை சொல்லச் சொன்னால் மூன்றாவது வார்த்தையிலேயே எனக்கு மூச்சு வாங்கும். ஆனாலும் அவளைப் பற்றி எழுத எங்கள் ஊரில் என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. அவள் சமையலறை ஜன்னலும் என் சமையலறை ஜன்னலும் நேருக்கு நேர். இருபத்தாறு வருடமாக அவள் அடுப்பைத் திறக்கும்போதெல்லாம் வெண்ணெய் வாசனை தெருவைக் கடந்து என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. என் அடுப்பைத் திறந்தால் அவள் வீட்டுக்கு என்ன வாசனை போகும் என்று அவள்தான் சொல்ல வேண்டும். சொல்லியும் இருக்கிறாள்.

அவள் அம்மா துறைமுகத்துக்குப் பின்னால் மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் ஆலையில் வேலை பார்த்தவள். பள்ளிக்கூடத்தில் அர்மெல் வந்து உட்கார்ந்தால் பெஞ்சில் மற்றப் பெண்கள் ஒரு சாண் நகர்ந்துகொள்வார்கள். நானும் நகர்ந்திருக்கிறேன், மறைக்கவில்லை. பிறகு அதே ஆலையில் அவள் கணக்கெழுதப் போனாள். படகு எஞ்சின் பழுது பார்க்கும் லொயிஸைக் கட்டிக்கொண்டாள், கிரெக் என்று ஒரே பையனைப் பெற்றாள். அதுவரை அவளை யாரும் காப்பிக்கு அழைத்ததில்லை.

ஒரு வருடம் தேவாலயத் திருவிழாவுக்கு அவள் ஒரு தகர டப்பா நிறைய சாப்லே செய்து கொண்டுவந்தாள். சாப்லே எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் செய்யும் வெண்ணெய் பிஸ்கட்தான். ஆனால் இவள் செய்தது வேறு சாதி. கையில் எடுக்கும்போது முழுசாக இருக்கும், பல் பட்டதும் மணலாக உதிர்ந்துவிடும். ஓரம் மட்டும் பழுப்பு, நடுவே வெளிர் மஞ்சள், மேலே முள்கரண்டியால் இழுத்த கோடுகள். டாக்டர் மனைவி ஒன்று எடுத்தாள். திரும்பி வந்து இன்னொன்று எடுத்தாள். அந்த இரண்டாவது பிஸ்கட்டில்தான் எங்கள் ஊரில் அர்மெலின் ஆட்சி தொடங்கியது.

அதன்பின் வியாழக்கிழமை தோறும் சந்தை முடிந்ததும் அவள் வீட்டில் காப்பி. போகாதவளுக்கு ஊரில் மரியாதை இல்லை. தட்டை நடுவில் வைத்துவிட்டு, யார் எத்தனை எடுக்கிறார்கள் என்று பார்க்காத மாதிரி பார்ப்பாள். ஒன்றோடு நிறுத்துகிறவளை, "உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று விசாரிப்பாள். இரண்டுக்கு மேல் எடுத்தால், "நேத்து சாப்பிடலையா?" என்பாள்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம். ஒருத்தி வீட்டுப் பலகாரத்தைச் சாப்பிட்டுவிட்டு, எப்படிச் செய்தாய் என்று கேட்டால், சொல்ல மாட்டேன் என்று சொல்லக் கூடாது. அது பெரிய அவமரியாதை. உடனே ஒரு காகிதம் எடுத்து அழகாக எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதும்போது ஒரே ஒரு இடத்தில் மாற்றி எழுத வேண்டும். கேட்டவளும் நன்றி சொல்லி மடித்து வைத்துக்கொள்வாள். இதற்குப் பொய் என்று பெயர் கிடையாது, தற்காப்பு. நானும் செய்திருக்கிறேன். என் மீன் சூப்பை என் நாத்தனார் இன்னும் சேமியா போட்டுக் கொதிக்கவைத்துக்கொண்டிருக்கிறாள்.

அர்மெலிடம் அப்படிச் செய்முறைச் சீட்டு வாங்கியவர்கள் நான்கு பேர். தபால் நிலைய ரோஸென், மருந்துக்கடை சோலாஞ்ச், மீன் ஏலக்காரி மரிவோன், பிறகு நான். நாங்கள் நால்வரும் வீட்டில் செய்து பார்த்தோம். ரோஸெனுக்கு ஓரமெல்லாம் கருகி ஒட்டிக்கொண்டது. சோலாஞ்சுக்குக் கல் மாதிரி வந்தது. மரிவோனுக்கு வெளியே கரி, உள்ளே பச்சை மாவு. மூவரும் தங்களுக்குக் கைராசி இல்லை என்று வாயை மூடிக்கொண்டார்கள்.

நான் அப்படிப்பட்டவள் இல்லை. எனக்கு வந்தது கூரை ஓடு. என் கணவர் குல்வென் அதைக் கடித்துவிட்டு, "காத்தெல், இத வாசலுக்குப் போட்டா செருப்பு அழுக்காகாது" என்றார். இத்தனைக்கும் சீட்டில் இருந்தபடிதான் செய்தேன். வெண்ணெய் இளகட்டும் என்று போட்டிருந்தது, நான் அடுப்பில் வைத்து ஒரேயடியாக உருக்கிவிட்டேன், வேலை சுருக்காக முடியும் அல்லவா. மாவை இரண்டு மணி நேரம் குளிரில் வை என்று போட்டிருந்தது. யாருக்கு நேரம் இருக்கிறது? கால் மணி நேரம் வைத்தேன். குளிர் குளிர்தானே. அப்படியும் ஓடு மாதிரி வந்தது என்றால், சீட்டில் கோளாறு என்றுதானே அர்த்தம்?

அடுத்த வியாழன் சந்தையில், வெண்ணெய்க்காரன் கடை முன்னால், நாலு பேர் கேட்கும்படி சொன்னேன்: "அர்மெல் குடுத்த சீட்டு பொய்ச் சீட்டு. அவ பொய்க்காரி." அவள் கையில் அரைக்கிலோ உப்பு வெண்ணெயோடு நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு உறுதியாகிவிட்டது. அன்றிலிருந்து ஒன்பது வருடம், வாய்ப்பு கிடைத்த இடத்திலெல்லாம் இதைச் சொல்லிவந்தேன். ஞானஸ்நான விருந்தில் சொன்னேன், சவ அடக்கம் முடிந்து காப்பி குடிக்கும் இடத்திலும் சொன்னேன். ஆனால் வியாழக்கிழமைக் காப்பியை மட்டும் நிறுத்தவில்லை. பிஸ்கட் பிஸ்கட்தான்.

இந்த வருடம் கிரெக்குக்குக் கல்யாணம் கூடிவந்தது. பெண் லியோன் நகரத்துக்காரி. எங்களைப் போல உப்பு வெண்ணெய் அறியாமல், உப்பில்லாத வெண்ணெய் தின்று வளர்ந்த பிள்ளை, பாவம், அது அவள் குற்றமில்லை. பெண்ணின் அம்மா மதாம் வோசெல், காப்பியோடு வைக்க நகரத்து இனிப்புக் கடையில் சொல்லிவிடுகிறேன் என்று தொலைபேசியில் சொல்லியிருக்கிறாள். அர்மெலுக்கு வந்ததே கோபம். முந்நூறு சாப்லே, எல்லாம் என் கையால், என் மகன் கல்யாணத்துக்குக் கடைப் பலகாரம் வராது என்று சொல்லி வைத்துவிட்டாள். அதை ஊர் முழுக்கத் தம்பட்டமும் அடித்தாள். கிரெக் வேறு, "எங்கம்மா சாப்லேவுக்காகத்தான் கல்யாணத்த இங்க வச்சோம்" என்று பெண் வீட்டாரிடம் பெருமை பேசியிருக்கிறான்.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது லொயிஸ் அவள் தலையில் கல்லைப் போட்டான். படகின் அடிப்பக்கத்துக்குச் சிவப்புப் பெயிண்ட் கலக்க ஒரு பாத்திரம் வேண்டியிருந்தது. கைக்குக் கிடைத்த கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனான். இரண்டு பக்கமும் காது வைத்து, அர்மெல் என்று பெயர் எழுதிய கிண்ணம். அது அலைதாங்கிச் சுவரில் இருந்து கடலுக்குள் போய்ச் சேர்ந்தது.

அந்தக் கிண்ணத்தில்தான் அவள் எல்லாவற்றையும் அளப்பாள். மாவு விளிம்பு வரை, சர்க்கரை காதுக்குக் கொஞ்சம் கீழே, வெண்ணெய் பெயருக்கு மேலே. தராசு அவள் வீட்டில் கிடையாது. ரோஸென் முதன்முதலில் செய்முறை கேட்டபோதுதான் ஒரே ஒரு தடவை, ஆலையின் தராசில் கிண்ணம் கிண்ணமாக நிறுத்துக் கிராம் கணக்குக் கண்டுபிடித்தாள். தனக்கென்று ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. எழுதி வைத்தால் யாராவது திருடிவிடுவார்களாம். பிறகு ஆளுக்கொரு விதமாக மாற்றி எழுதியதில், எது நிஜம், எது மாற்றியது என்று அவளுக்கே குழம்பிவிட்டது. இதையெல்லாம் லொயிஸ் மதுக்கடையில் குல்வெனிடம் ஒப்பித்தான், குல்வென் வீட்டுக்கு வந்து என்னிடம் ஒப்பித்தார். நான் அன்று இரண்டு வாய் அதிகமாகச் சாப்பிட்டேன்.

கடையில் வேறு கிண்ணம் வாங்கினாள், அளவு சேரவில்லை. இரண்டு வாரம் தினமும் சுட்டாள். ஒரு நாள் தட்டு முழுக்க வழிந்தது, ஒரு நாள் எழும்பிப் பன் மாதிரி நின்றது. லொயிஸ் அவற்றைப் பையில் கொண்டுபோய்க் கடற்காகங்களுக்குப் போட்டான். எதிர் வீட்டு ஜன்னலில் அவள் முகம் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே வந்தது. பார்க்க எனக்கு நன்றாக இருந்தது.

கடைசி வாரத்தில் அவள் ரோஸென் வீட்டுக்குப் போனாள். "உனக்கு எழுதிக் குடுத்தேனே, அத ஒரு தடவ பாக்கலாமா? எழுத்துப்பிழை ஏதாவது இருந்தா திருத்திக் குடுக்கறேன்" என்றிருக்கிறாள். கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிட்டால் அவள் எங்கள் ஊர்க்காரியா? எங்கே வைத்தேனோ தெரியவில்லை என்றிருக்கிறாள் ரோஸென். சோலாஞ்ச், தேடி வைக்கிறேன் என்றாள். மரிவோன், ஞாயிற்றுக்கிழமை வா என்றாள். கல்யாணம் சனிக்கிழமை. என்னிடம் மட்டும் அவள் வரவில்லை, ஒன்பது வருடம் பொய்க்காரி என்று கத்தியவளிடம் எந்த முகத்தோடு வருவாள்?

வியாழக்கிழமை வெண்ணெய்க் கடை முன்னால் நாங்கள் நால்வரும் சந்தித்தோம்.

"உங்கிட்டயும் வந்தாளா?" என்றாள் ரோஸென்.

"வந்தா. எழுத்துப்பிழையாம்," என்றாள் மரிவோன். "பத்து வருஷம் கழிச்சு எழுத்துப்பிழை ஞாபகம் வந்துருக்கு அம்மாவுக்கு."

"நான் சொன்னப்ப யாராவது காதுல வாங்கினீங்களா? பொய்ச் சீட்டுன்னு தொண்டை கிழியக் கத்தினேனே," என்றேன். "எல்லாரும் சீட்ட எடுத்துக்கிட்டு எங்க வீட்டுக்கு வாங்க."

மதியம் என் சமையலறை மேசையில் நான்கு சீட்டுகளையும் சோலாஞ்ச் வரிசையாக வைத்தாள். மருந்துச் சீட்டு படித்துப் பழகியவள், மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் போனாள்.

"வெண்ணெய் நூத்தம்பது. நாலுலயும் அதான். சர்க்கரை நூத்து முப்பது, நூத்து முப்பது, நூத்து முப்பது. ரோஸென், உன்னுதுல மட்டும் நூத்து எண்பது."

"அடிப்பாவி," என்றாள் ரோஸென். "நான் புது அடுப்பே வாங்கினேன்டி."

"மஞ்சள் கரு மூணு, எல்லாத்துலயும். மாவு எரநூறு, எரநூறு, எரநூறு. என்னுதுல எரநூத்தம்பது." சோலாஞ்ச் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள். "சரி. குளிர்ல ரெண்டு மணி நேரம், எல்லாத்துலயும். அடுப்புச் சூடு நூத்து எழுபது, மரிவோனுக்கு மட்டும் எரநூத்துப் பத்து. நேரம் பதினஞ்சு நிமிஷம், எல்லாத்துலயும்."

எனக்கு ஒரே குதூகலம். "பாத்தீங்களா? ஒரு சீட்டுக்கு ஒரு பொய். மூணு பேர் ஒண்ணு சொன்னா அது நிஜம், ஒருத்தி வேற சொன்னா அது பொய். சரி, என்னுதுல எது?"

சோலாஞ்ச் என் சீட்டை மறுபடி மேலிருந்து கீழே படித்தாள். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். பிறகு ரோஸெனிடம் நீட்டினாள். ரோஸென் படித்துவிட்டு மரிவோனிடம் கொடுத்தாள். யாரும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"என்னடி?" என்றேன்.

"உன்னுதுல ஒண்ணும் மாத்தல, காத்தெல்," என்றாள் சோலாஞ்ச். "எல்லாம் சரியா இருக்கு."

மரிவோன் முதலில் சிரித்தாள். பிறகு ரோஸென். சோலாஞ்ச் படித்தவள், இருமுவது போல் நடித்தாள்.

"சந்தோஷப்படு. உம்மேல அவளுக்கு அவ்ளோ நம்பிக்கை," என்றாள் ரோஸென்.

"என்ன நம்பிக்கை?"

"எப்படியும் நீயே கெடுத்துடுவேன்னு."

என் முகத்தில் ஈயாடவில்லை. பொய் சொல்லி ஏமாற்றியிருந்தால்கூட நான் ஒரு ஆளாக இருந்திருப்பேன். அவள் என்னை ஏமாற்றவும் மெனக்கெடவில்லை. ஒன்பது வருடம் அவளைப் பொய்க்காரி என்று நான் கத்தும்போதெல்லாம் அவள் சிரித்தாளே, அந்தச் சிரிப்பு இப்போதுதான் எனக்குப் புரிந்தது. அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. மூவரும் என் சீட்டைப் பார்த்துத் தங்கள் சீட்டுகளைத் திருத்திக்கொண்டு வீட்டுக்குப் போனதும், என் சீட்டை அடுப்பில் போட்டேன்.

அன்று மாலையே மூன்று வீட்டு ஜன்னல்களில் இருந்தும் அர்மெலின் வாசனை வந்தது. தெருவில் நடந்துபோன அர்மெல், ரோஸென் வீட்டு முன்னால் நின்றுவிட்டாள். மூக்கை நிமிர்த்தினாள். சீட்டுகள் ஒன்று சேர்ந்துவிட்டன என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆட்சி கவிழ்ந்தவள் மாதிரி மெல்ல நடந்து வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை என் கதவைத் தட்டினாள். விரல் நகங்களில் மாவு ஒட்டியிருந்தது. வந்து உட்காரவில்லை.

"காத்தெல், உன் சீட்டு வேணும்."

"இன்னும் மூணு பேர்கிட்ட இருக்கே. அவங்ககிட்டப் போ."

"அவங்க தர மாட்டேங்கறாங்க. தந்தாலும் அவங்களுக்கு எத மாத்தினேன்னு ஞாபகம் இல்ல. உனக்கு மட்டும் ஒண்ணும் மாத்தல, அது ஞாபகம் இருக்கு."

"ஏன் மாத்தல?"

அவள் என் அடுப்பைப் பார்த்தாள். "உங்க வீட்டுல கேக் சாப்பிட்டுருக்கேன்," என்றாள். கேலியாகக்கூடச் சொல்லவில்லை, மழை பெய்கிறது என்பது போலச் சொன்னாள்.

"சீட்ட எரிச்சிட்டேன்."

அவள் முகம் வெளுத்துப்போனது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்குக் கல்யாணம்டி. எம் புள்ள அந்த ஜனங்க முன்னாடி சொல்லி வச்சிருக்கான். அவங்க கடையில வாங்கித் தரேன்னு சொன்னப்ப நான்தான் வேண்டாம்னேன். எனக்கு வேற என்ன தெரியும், சொல்லு." அவள் குரல் உடைந்ததை இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாகக் கேட்டேன்.

"எரிச்சா என்ன? எனக்கு மனப்பாடம். எழுதித் தரேன்," என்றேன்.

காகிதம் எடுத்து எழுதினேன். வெண்ணெய் நூற்றைம்பது. சர்க்கரை நூற்று முப்பது. மாவுக்கு வந்தபோது பேனா நின்றது. இருநூற்றைம்பது என்று எழுத எவ்வளவு நேரமாகும்? ஊர் வழக்கம்தானே, யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் நான் இருநூறு என்றே எழுதினேன். நல்ல மனசு என்று நினைத்துவிடாதீர்கள். நாளைக்கு அவள் பெருமையோடு தட்டை நீட்டும்போது, இது நான் போட்ட பிச்சை என்று அவளுக்கும் எனக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். எழுதி முடித்து நீட்டினேன்.

அவள் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். "எத மாத்தின?" என்றாள்.

"எதையும் மாத்தல," என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அந்தச் சிரிப்பை அவளிடமிருந்துதான் கற்றேன்.

சனிக்கிழமை மதியம் ஊர் மண்டபத்தில் விருந்து. மீன், ஆட்டுக்கறி, பாலாடைக்கட்டி எல்லாம் முடிந்து காப்பி வந்தது. அர்மெல் தன் கையாலேயே தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தாள். தூரத்திலிருந்தே தெரிந்துவிட்டது. ஓரம் மங்கலாக, நடுவில் விரிசலாக, ஒன்று தடியாக, ஒன்று சப்பையாக. என் பக்கத்தில் லொயிஸ் வந்து உட்கார்ந்து, யாரும் கேட்காமலே ஆரம்பித்தான்.

"ராத்திரி பூரா தூங்கல. நீ குடுத்த சீட்டுல மாவுலதான் பொய் இருக்கும்னு மாவ ஏத்தினா. கல்லாச்சு. அப்ப பொய் மாவுல இல்ல, வெண்ணெயிலன்னு வெண்ணெய ஏத்தினா. வழிஞ்சு ஓடிச்சு. அப்புறம் சர்க்கரை, அப்புறம் மஞ்சள் கரு, அப்புறம் சூடு. ஏழு தடவ சுட்டா."

"எழுதினபடி ஒரு தடவையாவது செஞ்சாளா?"

"அத மட்டும் செய்யல," என்றான் லொயிஸ்.

மதாம் வோசெல் ஒன்றை எடுத்துக் காப்பியில் தோய்த்துப் பார்த்து, இன்னும் கொஞ்ச நேரம் தோய்த்துப் பார்த்து, "உங்க ஊர் பிஸ்கட் ரொம்ப உறுதியா இருக்கு, மதாம்" என்றாள். பெண் வீட்டார் எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். கிரெக் ஒன்றைக் கடித்தான். மென்றான். விழுங்கினான். மீதியைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுத் தன் அம்மாவை நிமிர்ந்து பார்த்தான்.

"அம்மா, உடம்பு சரியில்லையா உங்களுக்கு?" என்று மெதுவாகக் கேட்டான்.

அவன் அக்கறையாகத்தான் கேட்டான். அவள் காலிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு உள்ளே போனாள். எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இருந்தது, கொஞ்ச நேரம். பிறகு எழுந்து அவள் பின்னால் போனேன்.

பாத்திரம் கழுவும் இடத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டு, எதையும் கழுவாமல் நின்றிருந்தாள். பட்டுச் சட்டையின் கை முழுக்க நனைந்திருந்தது.

"பொய்ய எங்கடி வச்ச?" என்றாள் திரும்பாமலே. "இப்பவாவது சொல்லு."

"எங்கயும் வைக்கல."

"அப்படியே செஞ்சிருந்தா வந்திருக்குமா?"

"ரோஸெனுக்கு வந்துச்சே. மரிவோனுக்கு வந்துச்சு."

குழாயை மூடினாள். வெளியே யாரோ அக்கார்டியன் வாசிக்க ஆரம்பித்திருந்தார்கள். அவள் திரும்பினாள்.

"நீ உண்மைய எழுதுவேன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

நாக்கு நுனியில் ஒரு பதில் தயாராக இருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டேன். அவள் ஒரே ஒரு ராத்திரிதான் உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பொய் என்று நினைத்தாள். நான் ஒன்பது வருடம் வைத்திருந்தேன், அதுவும் சந்தையில் நின்று கத்திக்கொண்டு. ஒரு துணியை எடுத்து, அவள் கழுவாத கோப்பைகளைத் துடைக்க ஆரம்பித்தேன்.